இருநிற மட்டையும் ஒரு கட்டிச் சவர்க்காரமும்

மின்சாரமும் புகையிரதமும் குடாநாட்டைக் கைவிட்டிருந்த ஆண்டுகள் அவை. கரவெட்டிப் பக்கத்தில் இருந்த எங்கள் சனசமூக நிலையத்தில் இரண்டு செயல்கள் மட்டும் தடையின்றி நடைபெற்றுவந்தன. ஒன்று மேசைப்பந்தாட்டம், மற்றையது தீர்மானம் நிறைவேற்றுதல்.

நிலையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர். தண்டவாளங்களே பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட்ட பின்னரும், எதையேனும் மறித்து நிறுத்தும் பழக்கம் அவரைவிட்டு நீங்கவில்லை. அவருடைய மைந்தன் எங்கள் நிரந்தர வெற்றிவீரன். இலண்டனிலுள்ள மாமன் அனுப்பிய மட்டை அவன் கையில் இருந்தது. ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் கறுப்பு. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். விளையாட்டைப் பற்றி ஏதும் அறியாதவன் நடுநிலை பிறழமாட்டான் என்று கருதி என்னை நடுவராக்கியிருந்தார்கள்.

இந்த அமைதியைக் குலைத்தவர் தெல்லிப்பழையிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து எங்கள் அயலில் குடியிருந்த அரச எழுதுவினைஞர். மட்டை வாங்க வழியில்லாத அவர், தேயிலைப் பெட்டிப் பலகையை மட்டையாக அறுத்து, அதன் இருபுறமும் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டிக்கொண்டார். ஒட்டுப்போடாத ரியூப் அந்நாளில் எவரிடமும் இல்லை. ஆகவே மட்டையின் நடுவிலும் ஓர் ஒட்டு வீற்றிருந்தது.

அவருடைய ஆட்டமுறை அலுவலகத்தில் பயின்றது. எதையும் தாமாகத் தொடங்கமாட்டார். எதிலும் விரைவு காட்டமாட்டார். தம்மிடம் வந்ததை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். தலைவரின் மைந்தன் சுழற்றிச் சுழற்றி அடித்த பந்துகள் யாவும் அந்த ரியூப்பில் பட்டவுடன் சுழற்சி இழந்து, சோர்ந்து, அவனிடமே மீண்டன.

“கிளாக்கர், உது விளையாட்டே இல்லை. அந்த ஒட்டிலை பட்டால் பந்து எங்கை போகுமெண்டு கடவுளுக்கும் தெரியாது,” என்றான் அவன்.

“எனக்கும் தெரியாது தம்பி,” என்றார் அவர்.

அவ்வாண்டுப் போட்டிக்குப் பரிசு ஒரு கட்டிச் சவர்க்காரம். இதைக் கேட்டு நகைப்பவர்கள் அக்காலத்தை அறியாதவர்கள். அரசு விதித்த பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் அகப்பட்டிருந்தமையால் பனம்பழத்தைப் பிசைந்து உடை தோய்த்தோம். அழுக்குப் போனதோ இல்லையோ, மணம் போகவில்லை. அந்த மணத்தை நாடி வந்த மாடுகள் கொடியில் உலர்ந்த துணிகளை மென்றன. எழுதுவினைஞரிடம் எஞ்சியிருந்த ஒரே வெள்ளைச் சட்டையின் கைப்பகுதி அவ்வாறுதான் ஒரு பசுவின் வயிற்றுக்குள் சென்றது. மிகுதியைக் காப்பாற்றச் சவர்க்காரம் வேண்டும். தடைக்குத் தப்பிக் கிளாலிக் கடலைத் தாண்டி வந்திருந்த அந்தக் கட்டிக்காகவே அவர் ஆடினார். ஆடி, இறுதியாட்டம்வரை வந்தும்விட்டார். மறுபக்கம் தலைவரின் மைந்தன்.

நிலையக் குழு அவசரமாகக் கூடியது. முதலாவது தீர்மானம் பொருளாதாரத் தடையைக் கண்டித்தது. “ஒரு மக்கட் கூட்டத்துக்குப் பொருள் கிடைக்காமற் செய்துவிட்டு, அப்பொருள் இல்லாமைக்காக அவர்களையே வருத்துவது அறமன்று” என்னும் வாக்கியத்தை நானே யாத்தேன். பலத்த கரகோசம். அவ்வொலி அடங்குமுன் இரண்டாவது தீர்மானத்தைத் தலைவர் முன்மொழிந்தார். மட்டையின் ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் கறுப்பும் இல்லாத எவரும் இறுதியாட்டத்தில் ஆடலாகாது. உலக விதி அவ்வாறே கூறுகிறது என்று, இலண்டன் மைத்துனர் எப்போதோ அனுப்பிய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றை உயர்த்திக் காட்டினார்.

விதி மெய்யானதே. ஆனால் அதன் காரணம் வேறு. மட்டையின் இருபுறமும் இருவகை இறப்பரை ஒட்டி, எப்புறத்தால் அடிக்கிறார் என்பதை எதிரி அறியாவண்ணம் ஏமாற்றுவோர் இருந்தனர். அவர்களுக்காக இயற்றப்பட்டது அவ்விதி. எங்கள் எழுதுவினைஞரின் மட்டையில் இருபுறமும் ஒரே ரியூப். ஏமாற்ற விரும்பினாலும் அவரால் இயலாது. இதை நான் எடுத்துரைத்தேன்.

“மாஸ்டர், நியாயம் வேறை, விதி வேறை,” என்றார் தலைவர். தீர்மானம் நிறைவேறியது.

குடாநாட்டில் அக்காலம் சிவப்பு இறப்பர் கிடையாது. விடயம் முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினோம். எழுதுவினைஞரோ கோயில் மதிலுக்குக் கரைத்து மிஞ்சியிருந்த செங்காவியை வாங்கி, கஞ்சியிற் குழைத்து, மட்டையின் ஒருபுறத்தில் அப்பிக்கொண்டு வந்து நின்றார்.

“உது என்ன காணும்?”

“சிவப்பு, ஐயா.”

தலைவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் கறுப்பு. அதனை மறுக்க விதியில் இடமில்லை.

ஆட்டம் தொடங்கியது. காவி பந்தில் ஒட்டியது. பந்து விழுந்த இடமெல்லாம் பச்சை மேசையில் செம்பொட்டுகள் தோன்றின. மேசையின் ஓரத்தில், வெளுத்து மடித்த வேட்டியுடன், தமக்குரிய கதிரையில் தலைவர் அமர்ந்திருந்தார். பந்து மேசையைத் தொட்டதா, தப்பியதா என்னும் ஐயம் எழும்போதெல்லாம் அவருடைய தலையசைப்பையே நான் முடிவாகக் கொள்வது நிலையத்தின் மரபு. அத்தலை மகனுக்கு எதிராக அசைந்ததை எவரும் கண்டதில்லை.

எழுதுவினைஞர் வெற்றிக்கு ஒரு புள்ளி தூரத்தில் நின்றார். சிவப்புப் புறத்தால் அவர் மெல்லத் தள்ளிய பந்தை மைந்தன் முழுவலியுடன் அறைந்தான். பந்து மேசையைக் கடந்து தலைவர் பக்கமாகப் பறந்தது.

“விளிம்பிலை பட்டது! என்ரை புள்ளி!” என்று அவன் கூவினான்.

“பட்டதோ? எனக்குச் சத்தம் கேக்கேல்லையே,” என்றார் எழுதுவினைஞர்.

“உமக்குக் காது கேக்காட்டி நான் என்ன செய்யிறது? மாஸ்டர், சொல்லுங்கோ!”

தலைவரின் தலை வழக்கம்போல் அசைந்தது. நானோ முதன்முறையாக எழுந்து சென்று, குனிந்து விளிம்பை நோக்கினேன். அங்கே பொட்டில்லை.

“மேசையிலை ஏன் தேடுறியள் மாஸ்டர்? ஐயாவின்ரை வேட்டியைப் பாருங்கோ!” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

வேட்டியின் நடுவே, குங்குமம் இட்டதுபோல், வட்டமாக ஒரு செம்பொட்டு. மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது.

“என்ன மாஸ்டர், என்ரை வேட்டியோ விதி?” என்று தலைவர் சீறினார்.

“இல்லை ஐயா. விதி உங்கடை. வேட்டி சாட்சி மாத்திரம்.”

புள்ளியும் போட்டியும் எழுதுவினைஞருக்காயின. அவர் சவர்க்காரத்தைப் பெற்றுக்கொண்டு படியிறங்குகையில் தலைவர் மறித்தார்.

“காவி உம்மடை காணும். கறைக்கும் நீர்தான் பொறுப்பு. அதிலை பாதியை வெட்டித் தாரும்.”

“காவி பூச வைச்சது உங்கடை தீர்மானம் ஐயா. வேணுமெண்டால் கேள்வியை எழுத்திலை தாங்கோ, பாத்துத் திருப்பி அனுப்புறன்.”

அவர் சவர்க்காரத்தை மடியில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

தலைவரின் வேட்டி பனம்பழத்தில் தோய்க்கப்பட்டு, வேலியில் உலர்த்தப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு முழம் குறைந்த வேட்டியுடன் வந்து அமர்ந்தார். பொருளாதாரத் தடையைக் கண்டிக்கும் தீர்மானம் அன்று இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. முதலாவது தீர்மானம் அவிழ்ந்து திரியும் கட்டாக்காலி மாடுகளைத் தடைசெய்தது.