செல்வி பார்த்த கடல்

பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பெரிய பகுத்தறிவெல்லாம் இல்லை, ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் மாடாக உழைப்பவனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, அவ்வளவுதான். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது.

என் மனைவி செல்விக்குக் கடல் பார்க்க ஆசை. அடுத்த லீவு, அடுத்த லீவு என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்குள் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. தூரப் பயணம் கூடாது, உப்பு கூடவே கூடாது என்றார் டாக்டர். கூட வேலை செய்கிற இஸ்மாயில்தான் வழி சொன்னான்.

"காவேரிப்பாக்கம் ஏரிக்குள்ள எங்க மாமு ஊரு கீது. ஏரி ரொம்பினா சுத்தியும் தண்ணி, தீவு மாதிரி. மணல் கூட கீதுப்பா. அண்ணிய இட்டுனு போ."

படகில் போய் இறங்கினோம். "ஒருவழியா பீச்சுக்கு இட்டாந்துட்டீங்க" என்று அவள் கிண்டல் செய்தாள். இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று.

கிளம்புகிற அன்று சாயங்காலம் அவள் முகம் கழுவ இரண்டு கையாலும் ஏரித் தண்ணீரை அள்ளிக் கொடுத்தேன். உதட்டை நக்கிவிட்டு, "உப்பு கரிக்குதுங்க" என்றாள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் எங்களுக்கு வரும், அந்த உப்பை உதறுவது என் வேலை, எவ்வளவு சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது.

"என் கை உப்பும்மா அது."

அவளே குனிந்து அள்ளிக் குடித்தாள். "இல்லீங்க, தண்ணியே உப்பு. அக்கரை எங்க போச்சு? ஒண்ணுமே தெர்ல. அலை வந்து காலை இழுக்குது பாருங்க."

எனக்கோ அக்கரைப் பனைமரமும் அங்கே மேய்கிற எருமையும் தெளிவாகத் தெரிந்தன. நம்பினால் நம்புங்கள், தண்ணீர் அசையவே இல்லை, ஆனால் கரைமேல் நின்றவளின் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது, காலடி மணல் அரித்துப் போய்க் குழி விழுந்திருந்தது. பயந்துவிட்டேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"பேஜார் பண்ணாத, படகு போய்டும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்ச நேரம் என் கூட நில்லுங்க. உங்களுக்கும் தெரியும்" என்றாள்.

நான் நிற்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு அவள் இல்லை. எனக்கு ஆறவே ஆறாது அது. அப்புறம் தனியாக அங்கே போய், அதே இடத்தில் இருட்டும்வரை நின்று பார்த்தேன். வெறும் ஏரிதான்.

போன மாதம் வேலூரில் படிக்கிற எங்கள் மகள் வந்து, ஏரிக்குக் கொண்டுபோன அம்மாவின் பையைப் பிரித்தாள். அடியில் ஒரு பாட்டில் தண்ணீர், செல்வி எப்போது மொண்டாளோ தெரியாது. மகள் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு உடனே துப்பினாள்.

"அப்பா, கடல் தண்ணிப்பா இது."

இஸ்மாயிலும் அதையே சொன்னான். குழம்பில் ஒரு கல் உப்பு கூடினாலும் கண்டுபிடித்துவிடுகிற நாக்கு என்னுடையது. தினமும் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிறேன். எனக்கு மட்டும் அது ஏரித் தண்ணீராகவே இருக்கிறது.