விஷமம் பண்ணாத குழந்தை

என் மகளைச் சேர்த்த டே கேருக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படத் தொடரின் பெயர். அதில் போக்கிரிப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து பெரியவர்களைப் படாதபாடு படுத்துவார்கள். சின்ன வயதில் டிவியில் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். கரமனையில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும், வீட்டில் மாவு டப்பாவைக் கவிழ்த்து அதில் நீந்துகிறவளுக்கு ஏற்ற இடம் இதுதான் என்று வேறு எதையும் விசாரிக்காமல் சேர்த்துவிட்டேன். பெயரை நம்பிய அசடு நான்.

ஒரு மாதம் கழித்து, அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நாகர்கோவில்காரப் பெண் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"பிள்ளையால ஒரு சல்லியமும் தொந்தரவும் கெடையாது கேட்டோ மேடம். ஆனா வெளையாடக் கூப்பிட்டாலும் எழும்ப மாட்டேங்கு. விஷமம் பண்ணினா அம்மா வர மாட்டாளாம்."

தினமும் காலையில், ஆபீஸுக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் நான் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அது. எங்கள் அக்கிரகாரத்தில் எந்த அம்மாதான் அதைச் சொல்லவில்லை? எனக்கும் சொன்னார்கள், நான் ஒரு நாளும் நம்பியதில்லை. இவள் நம்பிவிட்டாள். நான் வர வேண்டுமே என்று, மூன்று வயதில், நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் அதே வாசலில் குனிந்து அவளிடம் சொன்னேன்.

"எவ்வளவு விஷமம் வேணும்னாலும் பண்ணிக்கோடி. அம்மா கட்டாயம் வருவேன்."

சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"நெறையப் பண்ணினா சீக்கிரம் வருவியா?"