விட்டுப்போன எஸ்

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள். வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் வந்து தங்குவார்கள். அவர்கள் பேசுவது எனக்கும் புரியாது, என் கணவருக்கும் புரியாது. வெந்நீர் கேட்ட ஓர் அம்மாளுக்கு இவர் ஐஸ் வாட்டர் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான், செங்கம் சாலையில் ஒரு செல்போன் கடை மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இரண்டு பேரும் சேர்ந்தோம்.

பாடம் எடுத்தவர் எங்களைவிட வயதில் சின்னவர். அந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். தப்பாகச் சொன்னவர்களை நிற்கவைத்து மற்றவர்களைச் சிரிக்கவைப்பது அவருக்கு ருசித்தது.

அன்றைய பாடம், இரண்டில் எது அதிகம் பிடிக்கும் என்று சொல்வது. ‘ஐ ப்ரிஃபர் டீ டு காபி’ என்று பலகையில் எழுதினார். காபியைவிட டீ பிடிக்கும் என்று அர்த்தம்.

"இதையே ஒப்பிக்காதீங்க. உங்க மனசுல இருக்கறத சொல்லுங்க. அப்பதான் இங்கிலீஷ் வரும்."

ஒருவர் இட்லியைவிட தோசை என்றார். ஒரு பெண் வெயிலைவிட மழை என்றாள். என் கணவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்:

"ஐ ப்ரிஃபர் மை ஒய்ஃப் சிஸ்டர் தேன் மை ஒய்ஃப்."

வகுப்பே சிரித்தது. என்னைவிட என் தங்கையைப் பிடிக்குமாம். எனக்கு உடனே புரிந்தது. அதுவரை நான் இவ்வளவு வேகமாகப் புரிந்துகொண்ட இங்கிலீஷ் வாக்கியம் வேறு இல்லை.

"தேன் வராது சார். டு. ஒய்ஃப் இல்ல, ஒய்ஃப்ஸ்" என்று ஆசிரியர் திருத்தி, பலகையில் எழுதி, எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னார். சொன்னார்கள். பிறகு என்னிடம் வந்தார்.

"மேடம், உங்க குரல் கேக்கலையே. எந்திரிங்க. உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தி சொல்லுங்க பாப்போம்."

எழுந்தேன். என் கணவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"மை ஹஸ்பண்ட் ப்ரிஃபர் மை சிஸ்டர் டு மீ."

"எஸ் விட்டுட்டீங்களே. ப்ரிஃபர்ஸ். இன்னொரு வாட்டி."

இன்னொரு முறையும் சொன்னேன். இந்த முறை எஸ் சரியாக வந்தது. கை தட்டினார்கள்.

பைக்கில் திரும்பும்போது கிரிவலப் பாதை முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். வீடு வந்ததும் அவரே கேட்டார்.

"இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வச்சினு வர்ற? உதாரணம்தான சொன்னேன்."

"மனசுல இருக்கறதத்தான சொல்லச் சொன்னாரு?"

சாவியை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப காபி கொண்டாந்து குடுத்தது உன் தங்கச்சி. அவதான் பொண்ணுன்னு நெனச்சி தலையாட்டிட்டேன். அப்புறம் எப்படி மாத்தி சொல்றது?"

உப்பு கம்மி என்று சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொன்னார். சொல்லிவிட்டு, சாப்பாடு ரெடியா என்று கேட்டார். பரிமாறினேன். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வகுப்பில் ‘வுட் ரேதர்’. இதைவிட அது மேல் என்று சொல்வதற்கு. ஆசிரியர் நேராக என்னிடம்தான் வந்தார், போன தடவை கிடைத்த சிரிப்பு இன்னொரு முறை கிடைக்கும் என்று. யாரும் எழுப்பாமலே நான் எழுந்தேன்.

"ஐ வுட் ரேதர் பி எ விடோ தேன் ஹிஸ் ஒய்ஃப்."

விடோ என்றால் என்னவென்று ஒருவர் பக்கத்தில் கேட்டார். விதவை என்று யாரோ காதில் சொன்னார்கள். இவருக்குப் பெண்டாட்டியாக இருப்பதைவிட அது மேல் என்று சொல்லியிருந்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"கிராமர்... கரெக்ட்தான்" என்றார்.

என் கணவர் முகம் கறுத்துப்போயிற்று. வீட்டில், "நான் செத்துட்டா உனக்கு நல்லாருக்குமா?" என்று கேட்டார்.

"உதாரணம்தாங்க" என்றேன்.

அதோடு அவர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் கடைசிவரை போனேன். இப்போது மாடிக்காரர்களிடம் பேச வேண்டியதெல்லாம் நான்தான். அவர் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் மாடியிலிருக்கும் பெண்மணி தன் பிறந்தநாளுக்குத் தானே செய்த கேக்கைக் கொண்டுவந்தாள். இவருக்கு இனிப்பு என்றால் உயிர். உங்கள் கணவருக்குப் பெரிய துண்டு தரட்டுமா என்று கேட்டாள். அவருக்கு இனிப்பே பிடிக்காது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே நின்று என் துண்டை மெதுவாகத் தின்றேன்.