‘வாம்மா’வுக்கு இங்கிலீஷ் கிடையாது

இப்திஹாஜ் இப்போதெல்லாம் பாட்டு இல்லாமல்தான் பாடம் நடத்துகிறாள். பலகையில் படத்தை ஒட்டுகிறாள், கோலால் தட்டிக் காட்டுகிறாள், பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி திருப்பிச் சொல்கின்றன. “அந்த மிஸ்ஸுக்கு என்ன ஆச்சு? முன்னாடி அவங்க வகுப்பு கல்யாண வீடு மாதிரி இருக்குமே!” என்று பழைய பெற்றோர் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும் என்று நழுவிவிடுகிறேன். தெரியும். எல்லாம் தெரியும். காரணமே நான்தான்.

அவளைப் பற்றி ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு நான் செய்ததற்கு இதையாவது செய்ய வேண்டாமா?

அரபி பேசுகிற இர்பித் ஊரில் எங்கள் மழலையர் பள்ளிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க அவள் வந்து சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. பதினேழு வருஷம் ஒரு சரக்கு அலுவலகத்தில் இங்கிலீஷ் கடிதம் அடித்துக்கொண்டிருந்தவள். அலுவலகத்தை மூடிவிட்டார்கள், இங்கே வந்துவிட்டாள். ஆசிரியப் பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. தலைத்துணி எந்நேரமும் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். குரல் கரகரவென்று இருக்கும். நான் பதினோரு வருஷமாக அங்கே அரபி சொல்லிக்கொடுக்கிறவள். ‘இவ ஒரு மாசம் தாங்குவாளா?’ என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. புத்தகத்தோடு வந்த இங்கிலீஷ் பாட்டுகளைப் போட்டாள். பிள்ளைகள் பிடித்து வைத்த பொம்மைகளாக உட்கார்ந்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம், கை கழுவுகிற இடத்தில் நாலைந்து வாண்டுகள் வீட்டில் பாடுகிற சோப்புப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். இவள் பின்னால் நின்று கேட்டாள். அடுத்த வரியை அதே மெட்டில் இங்கிலீஷில் எடுத்துவிட்டாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், கூடவே பாடிவிட்டார்கள். அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்தது.

மாவு பிசையும்போது பாடுகிற பாட்டில் எண்கள் வந்தன. மொட்டை மாடி ஏறிய ஆட்டைப் பற்றிய பாட்டில் மேலே, கீழே, உள்ளே, வெளியே எல்லாம் வந்தன. எங்கள் பிள்ளைகள் ‘பார்க்’ என்று சொன்னால் அது நாய் குரைப்பதாகத்தான் கேட்கும். இங்கிலீஷின் ‘P’ அரபியில் இல்லை, ‘B’ ஆகிவிடும். இவள் உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்து, காகிதம் படபடக்கும்படி ஊதி ஊதிப் பாடவைத்து அதையும் வரவைத்துவிட்டாள். எங்களுக்குப் பள்ளி வாரம் ஞாயிறில்தான் தொடங்கும்; ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பிள்ளை தன் வீட்டுப் பாட்டைக் கொண்டுவர வேண்டும். அதை இவள் நோட்டில் எழுதி எடுத்துப் போவாள், மறுநாள் இங்கிலீஷோடு வருவாள். முதல் சுற்று அரபி, இரண்டாவது சுற்று இங்கிலீஷ்.

அம்மாக்கள் சொக்கிப்போனார்கள். “எங்க வீட்டுப் பாட்டையே எம்பொண்ணு இங்கிலீஷ்ல பாடறா மிஸ்!” என்று என்னிடமே வந்து பெருமையடித்தார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “ரிஹாப், உங்க வகுப்பு கடைசி மணிக்குப் போகட்டும். களைச்சுப்போன புள்ளைங்களுக்கு அரபி போதும்” என்றார். களைத்துப்போன பிள்ளைகளுக்கு! எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. அவள் அரபியைக் கெடுக்கிறாள், பிள்ளைகளைக் குழப்புகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளோ என்னிடம் ஒட்டிக்கொண்டே திரிந்தாள். “என்ன ரிஹாப், மூஞ்சியை ஊறுகாய் ஜாடி மாதிரி வெச்சிருக்கே? இந்தா, டீயைக் குடி” என்பாள். காலையில் வாங்கிவருகிற ஜாத்தர் பொடி தூவின ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் மேசையில் வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

குளிர்காலம் தொடங்கிய நேரம் அது. தாலீன் என்று ஐந்து வயதுப் பெண் ஒருத்தி. அந்தக் கோடையில்தான் அவளைப் பெற்றவள் நோயில் போய்விட்டாள். அப்பன் நிதால் கண்ணாடி அறுக்கிற கடை வைத்திருக்கிறவன். பள்ளி திறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்காமலே எழுந்து நின்று தன் வீட்டுப் பாட்டைப் பாடிவிட்டது. பக்கத்து அறையில் இருந்த எனக்கே கேட்டது:

வாம்மா, வாம்மா, மழை வந்தாச்சு,
ஈரக் காலைத் துடைச்சுப் போடு,
பருப்பு சூப்பு கொதிச்சாச்சு,
ஆறும் முன்னே வாம்மா வீடு.

எங்கள் வீடுகளில் பெற்றவள் பிள்ளையை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவாள், அப்பன் ‘அப்பா’ என்பான். கொஞ்சினாலும் அதுதான், திட்டினாலும் அதுதான். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த தாலீனை அவள் அம்மா கூப்பிட்ட பாட்டு அது. அதில் வருகிற அம்மா, தாலீன்தான்.

மறுநாள் காலை இப்திஹாஜ் நோட்டோடு ஓடிவந்தாள். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. “அந்தப் புள்ள பேசிடுச்சு ரிஹாப்! இந்த வாரம் குடும்பம்தான் பாடம், பாட்டும் தானா வந்து மாட்டிச்சு. நீதானே அரபி டீச்சர், சரியா வந்திருக்கான்னு கேட்டுச் சொல்லேன்.” பாடிக் காட்டினாள். “கம் ஹோம், மம்மி, ரெயின் இஸ் ஹியர். சூப் இஸ் ஹாட், மம்மி, கம் ஹோம்.”

கேட்ட மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பாட்டு தலைகீழாகப் போயிருந்தது. இங்கிலீஷில் பிள்ளையை யாரும் மம்மி என்று கூப்பிடுவதில்லை. இப்போது பிள்ளை தாயைக் கூப்பிடுகிற பாட்டாக அது ஆகிவிட்டது. அதுவும் தாயில்லாத பிள்ளையின் வாயில்.

“பிரமாதம். அப்படியே வெச்சுக்கோ” என்றேன்.

ஏன் சொன்னேன்? அடுத்த மாதம் பெற்றோர் விழா இருந்தது. இங்கிலீஷ் தெரிந்த தகப்பன்மார் நாலு பேர் முன்வரிசையில் உட்காருவார்கள். யாராவது ஒருத்தர், ‘என்னம்மா, ஒரு சின்னச் சொல்லுகூடத் தெரியாதா?’ என்று கேட்கட்டும். அவள் முகம் கொஞ்சம் சுண்டட்டும். இவ்வளவுதான் நான் நினைத்தது. அந்தப் பிள்ளையை நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவே இல்லை. அதுதானே என் குற்றம்!

தாலீன் மலர்ந்துவிட்டாள். எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினாள், வார்த்தை வார்த்தையாகக் கற்றுக்கொண்டாள். இப்திஹாஜுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் என் கடைசி மணியில் தாலீன் எழுதாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பார்க்கறே?”

“மழை வருதான்னு, மிஸ்.”

“வந்தா?”

“அரபில அம்மா என்னைக் கூப்பிடுவாங்க, நான் ஓடி வந்துடுவேன். இங்கிலீஷ்ல நான் கூப்பிடறேன். அப்போ அவங்கதானே வரணும்?” என்றாள், கூட்டல் கணக்குச் சொல்வது போல.

அந்த நிமிஷமே எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இப்திஹாஜிடம் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. இத்தனை நாள் கழித்துச் சொன்னால், ‘அன்னைக்கே ஏன் சொல்லலே?’ என்று கேட்பாளே! “சமத்துப் பொண்ணு, எழுது” என்று தாலீனின் மூக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். முதல் தடவை பொறாமையில் வாயை மூடினேன். இரண்டாவது தடவை பயத்தில். எது பெரிய பாவம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் போயிருக்கும். நிதால் பள்ளிக்கு வந்தான். நனைந்திருந்தான். விரலெல்லாம் கண்ணாடி கீறின தழும்பு. ஆசிரியர் அறையில் நானும் இப்திஹாஜும்தான் இருந்தோம்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பேசாத புள்ளையைப் பேச வெச்சீங்க, உங்க கை நல்லா இருக்கணும். ஆனா அந்தப் பாட்டை மட்டும் விட்டுடச் சொல்லுங்க. மழை வந்தா போதும், கதவைத் திறந்து போட்டுட்டுப் படியில உக்காந்துக்கறா. மூட விடமாட்டேங்கறா. ரெண்டு கிண்ணத்துல சூப்பு ஊத்தச் சொல்றா. நேத்து உடம்பு அனலாக் கொதிக்குது, அப்பவும் எழுந்து போய் உக்காந்துட்டா.”

இப்திஹாஜ் எழுந்துவிட்டாள். “அம்மா இல்லைன்னு அவளுக்குத் தெரியுந்தானே?”

“தெரியும்க்கா. நான்தானே சொன்னேன். நேத்தும் சொன்னேன், அம்மா செத்துட்டாங்கடா கண்ணுன்னு. ‘அது அரபிலப்பா. இங்கிலீஷ்ல வருவாங்க’ங்கறா.” ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். “எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பாட்டுல அப்படி என்னதான் இருக்கு?”

அவள் மெல்ல அர்த்தம் சொன்னாள். மம்மி, வீட்டுக்கு வா. மழை வந்துவிட்டது. மம்மி, வா.

“ஐயோ, இல்லக்கா! அது அவங்கம்மா பாடினது. அதுல வர்ற அம்மா தாலீன்தானே!”

இப்திஹாஜ் முகத்தில் ஈயாடவில்லை. அன்னிய ஆண் என்பதால் அவன் கையைப் பிடிக்க முடியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுடுப்பா. நான்தான். என் தப்புதான். சாயங்காலம் நானே வீட்டுக்கு வந்து சொல்றேன்” என்றாள். அவன் பாவம், அவளையே சமாதானப்படுத்திவிட்டுப் போனான்.

அவன் போனதும் அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஒரு சொல்லு ரிஹாப், ஒரே ஒரு சொல்லு! எனக்கு ஏன் தோணலே தெரியுமா? எங்கம்மா ஆஸ்பத்திரியில தரை துடைக்கிறவ. இருட்டினப்புறந்தான் வருவா. வாசல்ல நின்னு கூப்பிட்டது நான்தான். என்னை யாரும் வாம்மான்னு கூப்பிட்டதில்ல. அதான் என் காதுல அது அப்படியே தலைகீழா விழுந்துடுச்சு. பாவி நான், பாவி!”

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் செய்த பாவத்துக்கு அவள் தன்னைப் பாவி என்று அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

“என்ன தெரியும்?”

“நீ நோட்டைக் காட்டினப்பவே தெரியும். தப்புன்னு.”

அவள் கை நெற்றியிலேயே நின்றது. “நான் உன்னைக் கேட்டேனே.”

“கேட்டே.”

“பிரமாதம்னு சொன்னியே.”

“விழாவில யாராவது உன்னைப் பார்த்துச் சிரிக்கணும்னுதான்… புள்ளைக்கு இப்படி ஆகும்னு நான்…”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லி அழுது தீர்த்திருப்பேன். அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். “கோட்டை எடுத்துக்கோ. நீயும் வர்றே. புள்ளகிட்ட நீதான் சொல்லணும். அரபி உன் பாடம்தானே?” என்றாள்.

சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. நிதால் வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு தாலீன் படியில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்!

பக்கத்தில் ஈரப் படியிலேயே உட்கார்ந்தேன். இப்திஹாஜ் நின்றுகொண்டே இருந்தாள். கம்பளியைத் தாலீனின் காலுக்கும் இழுத்துவிட்டேன். பிறகு சொன்னேன். “அந்த இங்கிலீஷ் பாட்டு தப்புடா. உங்கம்மா பாட்டுல வர்ற அம்மா நீதான். உன்னைத்தான் அவங்க அப்படிக் கூப்பிட்டாங்க. அதுக்கு இங்கிலீஷ்ல சொல்லு கிடையாது. அதனால மாறிப்போச்சு.”

தாலீன் கம்பளிக்குள்ளிருந்து ஒரு விரலை நீட்டி மழைத்தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்போ… இங்கிலீஷ்லயும் செத்துட்டாங்களா?”

நான் இப்திஹாஜை நிமிர்ந்து பார்த்தேன். அவள் உதவிக்கு வரவில்லை. வரவும் கூடாது.

“ஆமாம்மா” என்றேன்.

அவள் அழவில்லை. கோபமாக என்னைப் பார்த்தாள். “முதல்லயே சொல்லியிருக்கலாம்ல மிஸ்? எத்தனை நாள் கூப்பிட்டேன்!” என்றாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். எங்கள் இரண்டு பேரையும் வெளியே விட்டுவிட்டு, எம்பித் தாழ்ப்பாளைப் பிடித்துக் கதவைச் சாத்தினாள்.