ரீனா ஓய்வு கேட்கவில்லை

நியூ டோக்கம் ஊரில் ரீனா வியர்ஸ்மாவின் நாக்கைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. பேசுகிற நாக்கும் பேர்போனது, ருசி பார்க்கிற நாக்கும் பேர்போனது. ஊருக்கு வெளியே இருந்த வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் அவளுக்கு ஒரே வேலைதான். பீப்பாய் பீப்பாயாக நடந்து, காடித் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து, வாயில் சுழற்றி, துப்பி, "உப்பு தூக்கல்", "பூண்டு பழசு", "இது போகலாம்" என்று சொல்ல வேண்டும். அவள் "போகலாம்" என்றால்தான் லாரி நகரும்.

ஊரில் சாராயக்கடை கிடையாது. பீர் விற்கவும் தடை. ஏரியிலிருந்து ஏழு மைல் உள்ளே, செலரி வயல்களுக்கு நடுவே, டச்சுக்காரர்கள் கட்டிய ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை யாரும் புல் வெட்ட மாட்டார்கள். சர்ச்சில் பிரசங்கம் ஆரம்பித்ததும் பெஞ்சு பெஞ்சாகப் பெப்பர்மின்ட் கைமாறும். அந்தச் சபையில் ரீனா நாலாவது வரிசைக்காரி. யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு ஹாம் இறைச்சி வைத்த பன்னும் காப்பியும் அவள் கையால்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சமையலறைக்கு அவள்தான் ராணி.

நாற்பத்தொரு வயதுவரை அவள் பீரைத் தொட்டதில்லை. 1994-ல் தொழிற்சாலை அவளை ருசிப் பயிற்சிக்காக மூன்று நாள் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக்கு அனுப்பியது. பக்கத்து நாற்காலியில் சிவப்புத் தாடிக்காரன் ஒருவன். நகரத்தில் சின்னதாக ஒரு பட்டறை போட்டுப் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். மூன்று நாளும் அவன் தவறவிட்ட வாசனைகளையெல்லாம் ரீனா பிடித்தாள். கிளம்பும்போது அவன் இரண்டு கறுப்புப் புட்டிகளை அவள் கையில் திணித்தான்.

"ஒண்ணை இப்பக் குடிங்க. இன்னொண்ணை இருட்டுல மூணு வருஷம் வைங்க. உங்க நாக்குக்கு மட்டும்தான் இதைத் தர்றேன்."

முதல் புட்டியை அன்றைக்கே காருக்குள் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கருகின காப்பிக்கொட்டை, தார், தொண்டையைச் சுரண்டும் கசப்பு. மிச்சத்தை வண்டி நிறுத்துமிடத்தின் சாக்கடையில் கொட்டினாள். இரண்டாவது புட்டியை ஏனோ தூக்கிப்போட மனம் வரவில்லை. வீட்டுக்கு அடியில் உருளைக்கிழங்கு போட்டுவைக்கும் நிலவறை இருந்தது. கல் சுவர், மண் தரை, வெயில் காலத்திலும் பனிக்காலத்திலும் ஒரே குளிர்ச்சி. அங்கே ஒரு மூலையில் நிற்கவைத்துவிட்டு மறந்துபோனாள்.

மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது அது வேறு ஒன்றாக இருந்தது. கசப்பு தோளைக் குறுக்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. முன்னால் உலர்ந்த திராட்சை, பழைய தோல்பை, பாகு காய்ச்சின சட்டியின் அடி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் வந்தன. ரீனா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். காடியை ருசி பார்ப்பது குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. குற்றம் தேடாமல் நாக்கை விட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவள் நகரத்துக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வந்தாள். ஒரே பீரை ஒவ்வொரு வருடமும் ஆறு புட்டி. மூடியின் மேல் வருடத்தை எழுதுவாள். கனமான கறுப்பு, பார்லி ஒயின் என்று சொல்கிற காட்டமானது, செர்ரி போட்டுப் புளித்தது. இவை காத்திருக்கும். வெளிர்நிறக் கசப்புப் பீர்கள் காத்திருக்காது. வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனைதான் மிஞ்சும். அதையும் வைத்துப் பார்த்து, கொட்டித்தான் கற்றுக்கொண்டாள். சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு புட்டி, இரண்டு சின்னக் கண்ணாடி டம்ளர், ஒரு நோட்டு. இரண்டாவது டம்ளர் கணவன் ஹார்லனுக்கு. அவன் மோந்து பார்த்துவிட்டு, "எனக்குப் பாலே போதும்" என்று திருப்பிக் கொடுப்பான். ஆனால் அலமாரிகளை அடித்துக் கொடுத்தவன் அவன்தான்.

பெட்டிகளின் மேல் "ஊறுகாய்" என்று எழுதியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பதினாலு வருடம் மறைத்தாள்.

2011 ஏப்ரலில் மூன்று நாள் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நிலவறையில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றுபோனது. ரீனா இறங்கிப் பார்த்தபோது கணுக்கால் அளவு தண்ணீர். அட்டைப்பெட்டிகளின் அடி கழன்று புட்டிகள் சரிந்துகொண்டிருந்தன. ஹார்லனுக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருந்தது. படிக்கட்டு உச்சியில் நின்று கையைப் பிசைய மட்டும்தான் முடிந்தது. துணிக்கூடையில் எட்டு எட்டாக அள்ளி அவளே மேலே கொண்டுவந்தாள். பின்பக்கம் குளமாகிக் கிடந்தது. மேடான இடம் முன்வாசல் புல்வெளி ஒன்றுதான். அது சர்ச்சுக்குப் போகிற சாலையைப் பார்த்து இருந்தது. ஆராதனை ஒன்பதரைக்கு.

"பழைய போர்வை எதையாவது எடுத்து மூடிடலாமா, ரீனா?" என்றான் ஹார்லன்.

அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தாள். பாவாடை முழங்கால்வரை சேறு.

"மூடினா களவாண்ட பொருள் மாதிரி இருக்கும். நான் என்ன களவா பண்ணினேன்?"

"ஊரு பேசுமே."

"பேசட்டும். இத்தனை வருஷம் பேசாம இருந்ததுக்கும் சேத்துப் பேசட்டும்."

இருநூற்றுப் பதினாலு புட்டிகளையும் வருட வாரியாக வரிசை பிடித்து நிற்கவைத்தாள். ஒன்பது மணிக்குக் கார்கள் வர ஆரம்பித்தன. வாசலுக்கு நேரே வந்ததும் ஒவ்வொரு காரும் கொஞ்சம் தயங்கியது. பின்சீட்டுப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தன. ரீனா ஒவ்வொரு காருக்கும் கையசைத்தாள். பிறகு பாவாடையை மாற்றிக்கொண்டு, ஈரச் செருப்போடு சர்ச்சுக்குப் போய் நாலாவது வரிசையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் பக்கம் பெப்பர்மின்ட் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, சபையை நடத்துகிற மூப்பர்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் மார்வின் டெர்ப்ஸ்ட்ரா, செலரி விவசாயி. இன்னொருவர் காப்பீடு விற்கிற கோர்ட் பைக்கேமா. காப்பி குடித்தார்கள், ஜெபம் பண்ணினார்கள். பிறகு கோர்ட் தொண்டையைச் செருமினார்.

"ரீனா, அந்தப் புட்டியெல்லாம் விருந்தாளிங்களுக்குன்னு வச்சிருந்தீங்களோ? இல்ல யாராவது உங்ககிட்டக் குடுத்து வச்சிருந்தாங்களோ?"

அவர் ஒரு வாசலைத் திறந்துவிடுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லோரும் நிம்மதியாக எழுந்து போகலாம்.

"எல்லாம் என்னுது. நான் வாங்கினது, நான் வச்சது, நான் குடிக்கிறது."

"அப்ப அதையெல்லாம் அப்புறப்படுத்திடுறது நல்லது இல்லையா? சபையில பொறுப்புல இருக்கிறவங்க..."

"பைபிள்ல எந்த வசனம்னு சொல்லுங்க கோர்ட். தண்ணி திராட்சரசமான கானாவூர்க் கல்யாணத்துல இருந்து ஆரம்பிப்போமா?"

கோர்ட் டம்ளரைப் பார்த்தார். மார்வின் மெதுவாகப் பேசினார்.

"வசனம் எனக்கும் தெரியும், ரீனா. என் தம்பி எல்மர் குடிச்சே செத்தான். அவன் அடக்கத்துக்கு நீங்கதான் பன் போட்டீங்க. எனக்கு வசனம் வேணாம். அந்தப் புட்டிகளைப் புல்லு மேல பார்த்ததும் எனக்கு அவன் முகம்தான் தெரிஞ்சுது."

எல்மரின் முகம் ரீனாவுக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது, கடைசி வருடத்தின் மஞ்சள் கண்கள்கூட.

"அது எனக்கும் துக்கம்தான் மார்வின்" என்றாள் கடைசியில். "ஆனா எல்மர் செத்தான்கிறதுக்காக நான் பொய் சொல்ல முடியாது. புட்டி இங்கேயேதான் இருக்கும்."

அடுத்த ஞாயிறு, அறிவிப்புத்தாளின் இரண்டாம் பக்கத்தில் மூன்று வரி இருந்தது. அடக்கச் சாப்பாட்டுக் குழுவை இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்திய ரீனா வியர்ஸ்மா ஓய்வு எடுத்துக்கொள்கிறார். டோர்லா சிட்ஸ்மா பொறுப்பேற்கிறார். ரீனாவின் சேவைக்கு நன்றி.

அவள் அதைப் பெஞ்சில் உட்கார்ந்தபடி இரண்டு தடவை வாசித்தாள். நீக்கியதுகூடப் பரவாயில்லை. "ஓய்வு" என்ற சொல்தான் நாக்கில் கெட்டுப்போன காடி மாதிரி நின்றது. பாஸ்டர் வழக்கம்போல, "வேறே அறிவிப்பு ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார். யாரும் எதுவும் சொல்லாத கேள்வி அது. ரீனா எழுந்தாள். ஹார்லன் அவள் கோட்டின் ஓரத்தைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டான்.

"ஒரு திருத்தம் இருக்கு பாஸ்டர். நான் ஓய்வு கேக்கலை, எனக்குக் களைப்பும் இல்லை. என் நிலவறையில பீர் இருக்கு. அதனால பொறுப்புல இருந்து என்னை எடுத்திருக்காங்க. எடுத்தது மூப்பர்களோட உரிமை. ஆனா காரணத்தைச் சரியாப் போடணும். அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள். ஆர்கன் வாசிக்கிறவர் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தவறிப் புரட்டிவிட்டார். பின்வரிசையில் யாரோ ஒரு கிழவி, "அப்படிப் போடு!" என்று சொல்லிவிட்டு இருமுவதுபோல் நடித்தாள். ஆராதனைக்குப் பிறகு காப்பி மேஜையில் ரீனாவைச் சுற்றி ஆறடிக்கு ஆள் இல்லை. அவள் ஒரு கப் காப்பியை நின்று நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தாள். நோட்டில் தேதி போட்டு, அன்றிலிருந்து நாற்பது நாள் எதையும் திறப்பதில்லை என்று எழுதினாள். மூப்பர்களுக்குப் பயந்து செய்யவில்லை. மார்வின் சொன்னது அவளை விடவில்லை. நான் எல்மர் இல்லை என்று எனக்கே தெரியவேண்டுமே என்று நினைத்தாள். முதல் சனிக்கிழமை நாலு மணிக்குக் கை தானாக நிலவறைக் கதவுக்குப் போனது. அன்றைக்கு அவள் உண்மையாகவே பயந்தாள். இரண்டாம் வாரம் எரிச்சல். மூன்றாம் வாரம் நாலு மணி வந்து போனதே தெரியவில்லை. நாற்பத்தோராவது நாள் செர்ரிப் பீர் ஒன்றைத் திறந்து, பாதி டம்ளர் குடித்து, மூடிவைத்தாள்.

"இதை மார்வின்கிட்டச் சொல்லலாமே. மனசு மாறுவாரு" என்றான் ஹார்லன்.

"சொன்னா மன்னிப்புக் கேக்கற மாதிரி ஆயிடும். இது எனக்கும் எனக்கும் நடுவுல."

கோடையில் ஒரு சனிக்கிழமை மாட்டு வைத்தியர் ஜோவான் ரோடன்பர்க் வாசலில் வந்து நின்றாள். "அந்தக் கறுப்பை எனக்கும் காட்டேன்" என்றாள். அப்புறம் பின்வரிசைக் கிழவியின் மகன், அஞ்சல்காரன் லெஸ்டர் வந்தான். மூன்று பேர் சமையலறை மேஜையில், திரையை இழுக்காமல், ஒரே பீரின் 2003-ஐயும் 2007-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தார்கள். 2003 கெட்டிருந்தது. லெஸ்டர் மரியாதைக்காக, "பரவாயில்லையே" என்றான்.

"பரவாயில்லையா? ஈர அட்டை. துப்பு" என்றாள் ரீனா.

இலையுதிர்காலத்தில் கோர்ட் போன் பண்ணினார். டோர்லா போட்ட சாப்பாட்டைப் பற்றி நாலு குடும்பம் குறை சொல்லியிருந்தது. சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட முடியுமா என்று கேட்டார்.

"திருத்தம் போட்டாச்சா?"

"அது... பழைய விஷயம் ரீனா."

"அப்ப நானும் பழைய விஷயமாவே இருந்துட்டுப் போறேன்" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதாள். சாவு வீட்டுக்காரர்களுக்குப் பன் போடுவது அவளுக்கு நிஜமாகவே பிடித்த வேலை.

மறுவருடம் வசந்தத்தில் மூப்பர்கள் வழக்கம்போல வீடு வீடாகச் சந்திக்க வந்தார்கள். அவள் தெரு முழுக்க வந்துவிட்டு, அவள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். ரீனா அன்று மாலையே சபை அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"என் வீட்டை விட்டுட்டீங்க. நானும் இந்தச் சபை ஆளுதான். வர்ற செவ்வாய் ஏழு மணிக்கு வீட்ல இருப்பேன். காப்பி போட்டு வைக்கிறேன். வரணும்."

மார்வின் தனியாக வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். உங்கள் விசுவாசம் எப்படி இருக்கிறது, ஜெபிக்கிறீர்களா என்று, எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

"நிலவறை?" என்றார் கடைசியில்.

"இருநூத்து முப்பது. கூடியிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "அது எனக்குப் பிடிக்கலை. சாகிற வரைக்கும் பிடிக்காது" என்றார். "ஆனா அந்த 'ஓய்வு'ங்கிற வார்த்தையை எழுதினது நான்தான். உங்க மானத்தைக் காப்பாத்துறோம்னு நினைச்சேன். நிஜத்துல எங்க மானத்தைத்தான் காப்பாத்திக்கிட்டோம். அது பொய். திருத்திடுறேன்."

"திருத்துங்க. அப்புறம் பார்க்கலாம்."

அடுத்த ஞாயிறு அறிவிப்புத்தாளின் கடைசிப் பக்கத்தில், யாரோ தவறவிட்ட கையுறை பற்றிய அறிவிப்புக்குக் கீழே, மூன்று வரி வந்தது. சென்ற ஆண்டு ரீனா வியர்ஸ்மா ஓய்வு கேட்கவில்லை. மூப்பர்கள் அவரை விலக்கினார்கள். அவர் விரும்பினால் திரும்பலாம். பீர் என்ற சொல் இல்லை. ஹார்லன் அதைச் சுட்டிக்காட்டினான். "போதும். பொய் இல்லையே" என்றாள் ரீனா.

மே மாதம் ஒரு பழைய பள்ளிக்கூட வாத்தியாரின் அடக்கம். நூற்றைம்பது பேர் வருவார்கள். ரீனா காலை எட்டு மணிக்குச் சர்ச் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். டோர்லா கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"முதல்லேயே சொல்லிடறேன்" என்றாள் டோர்லா. "உன் பீரை நான் கையால தொட மாட்டேன்."

"உன்னை யாரு குடிக்கக் கூப்பிட்டா?" என்றாள் ரீனா, ஏப்ரனைக் கட்டிக்கொண்டே. "பன்னுல வெண்ணெயை ரெண்டு பக்கமும் தடவு. ஓரம் வரைக்கும்."