போதகர் சேற்றில் வீசிய டம்ளர்

நாமக்கல் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். ஆனால் எருமப்பட்டி மாதேஸ்வரனைப் போல மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, குழாய் தூக்கும் கூலியாளாகத் தொடங்கி, சொந்த வண்டி வாங்கியவர் யார்? காட்டுங்கள் பார்ப்போம். அவர் துளை போட்ட பாறை தண்ணீர் கொடுக்காமல் இருந்ததில்லை. அவரே அப்படித்தான் சொல்வார், பொய்யும் இல்லை.

அப்படிப்பட்டவர் குடியை விட்டது ஒரு புத்தகத்தால். எழுதியவர் ராசிபுரம் குமாரசாமி போதகர். வேதத்துக்கு அவர் எழுதிய விளக்கங்களை வைத்துத்தான் இந்த வட்டாரத்துச் சபைகளில் பிரசங்கமே நடக்கும். சபையின் திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் திராட்சை ரசம் குடிக்கிறவர்களுக்குள் மேல் கீழ் கிடையாது, குடிகாரனுக்கும் அதில் பங்குண்டு என்று எழுதியிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்த மாதேஸ்வரன் பாட்டிலை எறிந்துவிட்டு ஞானஸ்நானம் வாங்கினார்.

போன கோடையில் அந்தப் போதகர் வீட்டுக்கே போர் போடப் போனார். கலங்கல் தெளிந்ததும் முதல் தண்ணீரை அங்கே நிற்கும் எல்லாருக்கும் கொடுப்பது அவர் வழக்கம். வீட்டு வெள்ளி டம்ளரில் பிடித்துப் போதகருக்குக் கொடுத்தார். போதகரின் மனைவி மயிலம்மாளுக்குக் கொடுத்தார். அடுத்து, காலனியிலிருந்து சமைக்க வரும் ஆராயிக்கு. அவளும் குடித்தாள்.

"உனக்குத்தான் தனியா வெச்சிருக்குதுல்ல!" என்று போதகர் பாய்ந்தார். காம்பவுண்டுச் சுவர்மேல் நெளிந்த அலுமினிய டம்ளர் ஒன்று கவிழ்ந்திருந்தது. வெள்ளி டம்ளரை அவள் கையிலிருந்து பிடுங்கிச் சேற்றுக் குழிக்குள் வீசினார்.

மாதேஸ்வரன் போதகர் காலடியிலேயே காறித் துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினார். மறுநாள் போர் போட மத்தியப் பிரதேசத்துக்குப் போனவர் தை மாதம்தான் திரும்பினார்.

அதற்குள் போதகர் செத்திருந்தார். டம்ளரைத் திருடியவள் என்று ஆராயியைச் சபையில் மைக்கில் சொல்லிவிட்டுத்தான் செத்திருந்தார். வெண்ணந்தூர் வரைக்கும் ஒருவரும் அவளைச் சமையற்கட்டுக்குள் விடவில்லை.

அந்தப் புண்ணியவான் பெயரில் ஒரு மண்டபம் வேறு. திறப்பு விழாவில் சாட்சி சொல்ல வேண்டும் என்று புதிய போதகர் இனியன் மாதேஸ்வரனை அழைத்தார். சபையில் சாட்சி என்றால், தான் மனம் திருந்திய கதையைச் சொல்வது. மாதேஸ்வரன் ஆராயியையும் கூட்டிக்கொண்டு போனார்.

"எந்தச் சாட்சிங்க வேணும்? குடிய உட்டதா, கண்ணுல கண்டதா?" என்று வாசலிலேயே கேட்டு, நடந்ததைச் சொன்னார்.

இனியன் குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, பெரிய பெரிய வேத பண்டிதர்களே ஊட்டுக்குள்ள மோசமா இருந்திருக்காங்க. அதுக்காக அவங்க எழுதுனதை எரிச்சுட்டமா?"

"எரிக்கச் சொன்னனா? அதப் படிச்சுத்தானுங்க நான் மனுசனானேன். அது வேற. அந்தப் புஸ்தகத்தக் காப்பாத்த இவ திருடியா இருக்கணுமாக்கும்?"

மேடையேறியவர் மைக்கைப் பிடித்தார்.

"ஒரே பாத்திரம்னு எழுதுன மனுசன், இவ வாய் வெச்ச டம்ளரைச் சேத்துல வீசினாரு. இந்தக் கண்ணால பாத்தேன். அந்தக் குழிக்குள்ளதான் கெடக்கும். தோண்டிப் பாருங்க. ஆளில்லைன்னா சொல்லுங்க, நானே வாரேன். என்னாட்டத் தோண்டறவன் இந்த ஜில்லாவுல கெடையாது."

"ஐயா பேரைக் கெடுக்காதீங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"கெடுக்கறதுக்கு அவரு மிச்சம் வெச்சிருக்காராக்கும்? த்தூ!"

இனியன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். முன் வரிசையில் மயிலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"அவ எடுக்கலைங்க" என்றார் மயிலம்மாள், முந்தானையை விலக்கி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மேடையோரத்து வாசற்படிக்கு வெளியே நின்ற ஆராயி அதை உதட்டசைவிலேயே படித்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, திருடின்னு மைக்குல தான சொன்னாங்க? இதையும் மைக்குல சொல்லுங்க."

மாதேஸ்வரன் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றார். மயிலம்மாள் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், மேடைப் பக்கம் நடந்தார்.