வரதன் தொடாத கருவாட்டுக் குழம்பு

வரதனைப் பற்றி யாரைக் கேட்டாலும் அவன் மூளையைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் அவன் மூக்கிலிருந்து தொடங்குகிறேன். எம்.எஸ்சி. இயற்பியலில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவாட்டு வாசனை பட்டால் போதும், அந்த மகா மூளை அப்படியே நின்றுவிடும். முகம் வெளுத்து, பச்சைப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவான்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த அம்மாவைப் பாருங்கள். உத்திரமேரூருக்குத் தெற்கே அவர்கள் கிராமத்தில் சொக்கம்மாள் வைக்கும் கருவாட்டுக் குழம்புக்கு ஈடு கிடையாது. சனிக்கிழமை ஊருக்குப் போகும் வரதன் ஞாயிறு மாலை விடுதிக்குத் திரும்பும்போது கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கும். நாலு நாள் வைத்தாலும் கெடாது என்று அம்மா விடியற்காலையில் எழுந்து வைத்துக் கொடுப்பது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. வெடிகுண்டைத் தூக்கி வருகிறவன் போலக் கையை நீட்டிப் பிடித்தபடி வந்து, நேரே ஜான்சனிடம் ஒப்படைத்துவிடுவான்.

ஜான்சன் எங்கள் வகுப்புத் தோழன். ராயபுரத்துக்காரன், மீன் இல்லாத நாள் அவனுக்கு விரத நாள். திங்கட்கிழமை மதியம் எங்கள் துறைக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடியில் அவனும் நானும் அந்தத் தூக்கை ஒரு கை பார்ப்போம். வரதன் காற்றடிக்கும் திசை பார்த்து, எட்டப் போய் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவான். அடுத்த வாரம் காலித் தூக்கு ஊருக்குப் போகும். கூடவே ஒரு பொய்யும் போகும்: “சூப்பரா கீதுமா.”

படிப்பில் அவனை அசைக்க முடியாது. பேராசிரியர் இரண்டு வகுப்பாகப் பலகை முழுக்க எழுதி நிமிர்ந்தபோது, பின் பெஞ்சிலிருந்து, “சார், மூணாவது லைன்லயே மைனஸ் வுட்டுப்பூட்சி” என்றான். எலக்ட்ரானைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதே பாஷையில்தான். “அது எங்க கீதுன்னு கேக்காத திலகா. எங்க இருக்க சான்ஸ் கீதுன்னு கேளு.” அன்றைக்குப் புரிந்ததை வைத்துக்கொண்டுதான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் நான் இன்றைக்கும் பாடம் நடத்துகிறேன்.

ஆனால் ஊரில் அவனை நம்பி ஒரு மண்வெட்டியைக் கொடுக்க முடியாது. ஒருமுறை ஏரித் தண்ணீர் முறை வந்தபோது, கழனிக்கு மடை திருப்பிவிடச் சொல்லி அவன் அப்பா அனுப்பியிருக்கிறார். நம்ம மேதை வரப்பில் குந்தி, சேற்றில் குச்சியால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கழனியின் மடையை அடைக்க மறந்துவிட்டார். அவர்கள் முறைத் தண்ணீரெல்லாம் சின்னராசுவின் கழனியில் போய் நிறைந்தது. அப்பா தலையில் கைவைத்து உட்கார, இவர் விளக்கம் சொன்னாராம்: “பள்ளம் எங்க கீதோ அங்கதான் நைனா தண்ணி போவும்.” படித்த பிள்ளைகளிலேயே வரதனைப் போல நல்ல பிள்ளை கிடையாது என்று சின்னராசு அதன்பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இருபத்தேழு வயதில், முனைவர் பட்ட ஆராய்ச்சி பாதியில் நிற்க, டெங்குக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அத்தனை பெரிய கணக்கெல்லாம் போட்டவனை ஒரு கொசு முடித்துவிட்டது. நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அழுகை அப்புறம்தான்.

போன மாதம் சொக்கம்மாள் போன் செய்தார்.

“திலகாவா? வரதன் அம்மா பேசறேன். வர்ற ஞாயித்துக்கெயம வர்சப் படையல். நீயும் அந்த ஜான்சனும் வந்துடுங்கம்மா.” கொஞ்சம் தயங்கினார். “உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். சின்னதுல கருவாடுன்னா வூட்ட வுட்டே ஓடுவான் எம்புள்ள. பட்டணம் வந்து உங்களோட சேந்தப்புறம், கெடாதேன்னு ஒருவாட்டி குடுத்தனுப்பனேன். அதுலருந்து வாரா வாரம் தூக்கு காலியா வந்துச்சு. ஆளே மாறிட்டான். மாறுனவனுக்கு வேற இன்னா இன்னா புடிக்கும்னு எனக்குத் தெரிலமா. பெத்தவளுக்கே தெரிலன்னா அவன் யாராண்ட வந்து துண்ணுவான்?”

உண்மையைச் சொன்னால், இரண்டு வருஷம் கண்விழித்து வைத்த குழம்பில் ஒரு சொட்டுகூட மகன் வாயில் படவில்லை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டாலோ, அவன் படத்துக்கு முன்னால் அதே குழம்பு வந்து உட்காரும். செத்த பிறகுமா அவன் அந்த வாசனையில் தவிக்க வேண்டும்? “நேர்ல வந்து சொல்றேன்மா” என்று வைத்துவிட்டேன். ஜான்சனைக் கூப்பிட்டு, “நீ வாயத் தொறக்காத, நான் பக்குவமா சொல்லிக்கறேன்” என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

தெருமுனையிலேயே குழம்பு வாசனை எங்களை வரவேற்றது. ஜான்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எச்சிலையும் விழுங்கினான். உள்ளே வரதன் படத்துக்கு மாலை, புதுச்சட்டை, தலைவாழை இலை. இலையில் கறி, வடை, எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு. கற்பூரம் காட்டியதும் எல்லோரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தினார்கள். செத்தவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுப் போகும்வரை யாரும் திறக்கக் கூடாது.

சொக்கம்மாள் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

“வந்தானா இல்லியான்னே தெரில. அவனுக்கு இன்னாதான் புடிக்கும் திலகா?”

“அம்மா, அது வந்து, ஹாஸ்டல்ல என்னன்னா…” என்று நான் பக்குவமாக ஆரம்பித்தேன்.

“அவன் கருவாட்ட ஒரு நாளும் தொட்டதில்லமா” என்று ஜான்சன் போட்டு உடைத்துவிட்டான். “மொத்தத்தையும் துண்ணது நாங்கதான். அவன் சட்டக் காலர மூக்கு வரிக்கும் இஸ்துக்கினு எட்டப் போய் குந்திக்குவான்.”

அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது எனக்கு.

“ரெண்டு வர்சமுமா?” என்று கேட்டார் அம்மா.

“ரெண்டு வர்சமும்மா.”

“காலர இஸ்துக்கினா?”

ஜான்சன் இழுத்துக் காட்டினான். சொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்டித்தான்மா! ஆறு வயசுல அப்டித்தான் இஸ்துக்குவான்!” சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. “அப்ப எம்புள்ள மாறவே இல்லியா? எனக்குத் தெரிஞ்ச புள்ளயாத்தான் இருந்தானா?”

“அப்படியே இருந்தான்மா” என்றேன். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

அவர் கதவைத் தள்ளித் திறந்தார். சின்னராசு பதறினார். “யக்கா, நேரம் ஆவல. நடுவுல தொறக்கக் கூடாது.”

“உள்ள மூக்கப் புடிச்சிக்கினு நின்னுக்கினு இருப்பான். நகரு அந்தாண்ட.”

இலையிலிருந்த கிண்ணத்தை எடுத்து வந்து ஜான்சன் கையில் கொடுத்தார். பானையிலிருந்து சுடுசோறு எடுத்து, நல்லெண்ணெய் ஊற்றி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்து இலையில் வைத்தார். மறுபடியும் கதவைச் சாத்தினார். இந்தமுறை காதை வைக்கவில்லை. எங்களுக்கு இலை போட உட்கார்ந்துவிட்டார்.

“வந்துட்டானான்னு பாக்கலியா யக்கா?” என்றார் சின்னராசு.

சொக்கம்மாள் ஜான்சன் இலையில் குழம்பை ஊற்றியபடி நிமிராமலே சொன்னார்: “துண்ணுவான். எம்புள்ளைக்கு இன்னா புடிக்கும்னு எனக்குத் தெரியாதா?”